நான்கு குரலும் ஒரே இடத்தில் முடிய வேண்டும்

எங்கள் மாமாவுக்குப் பாட்டுக் கட்டத் தெரியும், எழுதி வைக்கத் தெரியாது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். கடலூரில் செம்மண்டலத்தில் வீடு, செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர். வருஷத்துக்கு ஒன்றாவது புதுப்பாட்டுக் கட்டிவிடுவார். அதை அவர் ஒரு தாளில் எழுதி நான் பார்த்ததில்லை. பயிற்சிக்கு வந்தவர்களை நாலாகப் பிரித்து சர்ச்சின் நாலு மூலையில் நிற்க வைப்பார். ஒரு மூலையில் உச்சக்குரல் சொப்ரானோ பெண்கள், அடுத்ததில் அதற்குக் கீழே பாடுகிற ஆல்ட்டோ பெண்கள், எதிர்ப்பக்கம் மேல்குரலில் டெனரும் அடிக்குரலில் பேஸும் பாடுகிற ஆண்கள். மூலை மூலையாகப் போய் அவரவர் மெட்டை டோ ரே மீ என்று வாயாலேயே ஊட்டிவிடுவார். அப்புறம் எல்லோரையும் நடுவுக்குக் கூப்பிட்டுக் கையை வீசினால் பாட்டு எழும்பி நிற்கும். நான் சிதம்பரத்திலிருந்து போகும்போதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். நாலு மெட்டையும் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் ஒரு மனுஷன் தலைக்குள் எப்படி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை.

பொங்கல் லீவு முடிந்த கையோடு போன் செய்தார். "மச்சான், ஒன் வீட்டு கம்ப்யூட்டரு சும்மாத்தானே கெடக்குது? எம் பாட்டையெல்லாம் அதுல ஏத்தி வச்சுடேன்" என்றார். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரிட்டயர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது, மனுஷன் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி வைக்க நினைக்கிறார் என்று நானே ஒரு காரணத்தைச் செய்துகொண்டேன். அக்காவைக் கட்டியவர் ஒன்று சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

வீடு சிதம்பரம் என்றாலும் நான் புவனகிரிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சின்ன வயதில் மூன்று வருஷம் கீபோர்டு கற்றுக்கொண்டதால் ஐந்து கோட்டில் சுரம் எழுதுகிற நொட்டேஷனைத் தத்தித் தத்திப் படிப்பேன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, இசை எழுதுகிற சாஃப்ட்வேர் ஒன்றை இலவசமாக இறக்கி, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அதைச் செய்தவன் என் கையில் கிடைத்தால் ஒரு கேள்வி கேட்பேன். ஒரு பீட் சுரம் வேண்டுமென்றால் ஐந்தை அழுத்த வேண்டுமாம், இரண்டு பீட்டுக்கு ஆறை, அரை பீட்டுக்கு நாலை. இருபத்தியிரண்டு வருஷம் கணக்கு நடத்தியவனிடம் வந்து ஐந்து என்றால் ஒன்று என்று சொன்னால் கோபம் வருமா வராதா? முதல் வாரம் முழுக்க நான் ஒன்று போட்டால் அது ஒன்று போட்டது. டெனர் ஆண்களை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிட்டேன் போலிருக்கிறது, அவர்கள் சொப்ரானோ பெண்களின் தலைக்கு மேல் போய் நின்றுகொண்டு கீச்சுக்கீச்சென்று கத்தினார்கள்.

வேலை நடந்த விதம் இதுதான். வாரத்துக்கு ஒரு பாட்டு. மாமா நாலு குரலையும் தனித்தனியாகப் பாடி நாலு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். மேஜையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே பாடுவார். பின்னால் அக்காவின் குக்கர் விசில் கேட்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதைக் கேட்டுக் கேட்டு நாலு வரிசையாக ஏற்றுவேன். குறுக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாக இருக்கும், ஒரு கட்டத்துக்கு நாலு பீட். நாலு குரலும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்பதால் எல்லாம் ஒரே கட்டத்தில் முடிய வேண்டும். ஒன்றில் சுரம் குறைந்தால் சாஃப்ட்வேர் அந்த இடத்தைத் தானே மௌனக் குறி போட்டு நிரப்பிவிடும். முடித்ததும் பாட வைத்துக் கேட்கலாம். வார்த்தை இல்லாமல் 'ஆ' என்று மட்டும் பாடுகிற ஒரு குரல் அதில் இருந்தது, அதைத்தான் வைத்தேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. எழவு வீடு மாதிரி இருக்கிறது, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள் என்பாள்.

முதல் பாட்டு சரியாக வந்தது. இரண்டாவது பாட்டில் டெனர் இரண்டு கட்டம் முன்னாலேயே முடிந்துவிட்டது. மற்ற மூன்று குரலும் போய்க்கொண்டிருக்க, டெனர் வரிசையில் மட்டும் கடைசி இரண்டு கட்டத்திலும் மௌனக் குறி. கணக்கு வாத்தியாருக்கு நாலு வரை எண்ண வரவில்லை என்று மனைவி கிண்டல் செய்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முழுதாக அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடி இரண்டு கட்டம் குறைந்தது. அப்போதுதான் வாய்ஸ் மெசேஜைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மாமா ஆறாவது கட்டத்திலிருந்து நேராக ஒன்பதாவதற்குத் தாவியிருந்தார். குரலில் தடுமாற்றம் இல்லை, விரலிலும் இல்லை. நடுவில் இரண்டு கட்டம் இருந்ததே அவருக்குத் தெரியாதது போல அவ்வளவு சுகமாகப் பாடிக்கொண்டு போனார்.

அசதி என்று நினைத்தேன். ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பில் பாடியிருப்பார். மனைவியின் போனில் போன கிறிஸ்துமஸ் ஆராதனை வீடியோ இருந்தது. அதில் இதே பாட்டை டெனர் ஆண்கள் பாடியதைக் கேட்டு, விட்டுப்போன இரண்டு கட்டத்தையும் நானே நிரப்பினேன். நிரப்பியதை ஆடியோவாக மாற்றி மாமாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "கரெக்டா வந்துருக்குதா மச்சான்? நான் பாடுனது?" என்று கேட்டார். நீங்கள் பாடியது அப்படியே வந்திருக்கிறது மாமா என்றேன். அவர் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சந்தோஷத்தில் விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டில் ஆல்ட்டோவில் ஒரு கட்டம் இல்லை. நாலாவது பாட்டில் பேஸில் மூன்று கட்டம் இல்லை. அந்த நாலாவது பாட்டுக்கு மட்டும், போன் சரியில்லை, சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது என்று பொய் சொல்லி இன்னொரு தடவை பாடி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். முன்பு விட்டதைச் சரியாகப் பாடி, முன்பு சரியாகப் பாடியதை விட்டிருந்தார். மூன்றாம் தடவை கேட்டு வாங்கினேன். அதில் வேறு இடம் போயிருந்தது. மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் வைத்துப் பார்த்தேன். எலி கடித்த துணி மாதிரி ஆளுக்கொரு இடத்தில் ஓட்டை. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், மூன்றிலும் நன்றாக இருந்த பாகங்களை வெட்டி எடுத்து ஒட்டி, அப்பழுக்கில்லாத ஒரு பேஸ் வரிசையைச் செய்து அனுப்பினேன். கரெக்டாக வந்திருக்கிறதா என்று கேட்டார். அப்படியே வந்திருக்கிறது மாமா என்றேன்.

சாஃப்ட்வேர் எனக்கு நன்றாகக் கைவந்தது அந்த வாரங்களில்தான். வெட்டுவது, ஒட்டுவது, ஒரு குரலில் இருப்பதை எடுத்து இரண்டு சுரம் கீழே இறக்கி இன்னொரு குரலுக்குக் கொடுப்பது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பழைய வீடியோ கிடைக்காத பாட்டுக்கு, இரண்டாம் சரணத்தைப் பார்த்து முதல் சரணத்தின் ஓட்டையை அடைத்தேன். மூன்று குரல் தெரிந்தால் நாலாவதைக் கண்டுபிடிப்பது எனக்குக் கணக்குப் போடுகிற மாதிரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஓட்டைகளோ பெரிதாகிக்கொண்டே வந்தன. ஏழாவது பாட்டில் புதிதாக ஒன்று நடந்தது. பாடிக்கொண்டிருந்தவரின் குரல் நின்றுவிட்டது, விரல் மட்டும் மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. எண்ணினேன், பதினொரு தட்டு. அப்புறம் பாட்டின் முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அந்தப் பதினொரு தட்டை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. குக்கர் விசில், ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம், டொக் டொக் என்று விரல்.

எனக்குப் பயம் வந்தது பாட்டுக்காக இல்லை. மாமாவின் வேலை அப்படி. ரியாக்டர் என்று சொல்லுகிற பெரிய கலனைச் சூடுபடுத்தி, இன்ன வால்வுக்கு அப்புறம் இன்ன வால்வு என்று வரிசையாகத் திறந்து மூடுகிற வேலை. மொத்தம் பன்னிரண்டு படி. முன்பு ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார், சுவரில் அந்தப் படிகளை எழுதிய ஒரு அட்டை தொங்குகிறது, அதைத் தான் திரும்பிப் பார்ப்பதில்லை என்று. வரிசை தப்பினால் என்ன ஆகும் மாமா என்று கேட்டேன். தப்பாது என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகிற பஸ் அந்தச் செம்மங்குப்பத்துக் கம்பெனிகளைத் தாண்டித்தான் போகும். அந்த இடம் வந்ததும் ஜனங்கள் பேச்சை நிறுத்தாமல் கெமிக்கல் நாற்றத்துக்கு ஜன்னலை மட்டும் இழுத்துச் சாத்திக்கொள்வார்கள். நானும் வருஷக்கணக்காக அப்படிச் சாத்தியவன்தான். இப்போது அந்த இடம் வந்தால் மாமாவுக்கு அன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு கடலூர் போனேன். ஆராதனையில் கொயர் பாடியது நான் ஐந்தாவதாக ஏற்றிய பாட்டு. கட்டம் கட்டமாக எனக்கு மனப்பாடம். மூன்றாம் சரணம் இன்னும் பாக்கி இருக்கும்போதே மாமா கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து, பாட்டை முடிக்கிற சைகையைக் காட்டிவிட்டார். முப்பது பேரில் ஒருவர்கூட நிற்கவில்லை. எல்லோரும் அவர் கையைப் பார்க்காமல் மூன்றாம் சரணத்துக்குப் போய்விட்டார்கள். மாமா ஒரு கணம் குவித்த விரலோடு நின்றார். அப்புறம் சிரித்துக்கொண்டு, அவர்கள் பாட்டுக்குத் தன் கையை ஓட்டினார். சபையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும், பேஸ் பாடுகிற பெரியவர் ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "வயசாவுதுல்ல தம்பி. நாங்க பாத்துக்குறோம், அவுரு மனசு கோணாம" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வருஷத்திலிருந்தே என்றார். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது?

மத்தியானம் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக மாமாவைக் கேட்டேன், கம்பெனி கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்டுக்கு உங்களோடு எத்தனை பேர் இருப்பார்கள் என்று. "எதுக்கு இன்னொருத்தன்? நான் ஒருத்தன்தான்" என்றார். சர்ச்சிலே தாங்கிப் பிடிக்க முப்பது பேர் இருக்கிறார்கள். அங்கே யார் இருக்கிறார்கள்?

இருந்தும் சொல்லவில்லை. அக்காவைக் கொடுத்த வீட்டில் போய், உங்கள் மூளை சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் டாக்டர், டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேலை போகும், ரிட்டயராக ஒன்றரை வருஷம் இருக்கும்போதே மனுஷன் தலை குனிந்து வீட்டில் உட்கார வேண்டும். கொயரையும் விடச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியாது, ஒன்றுமே ஆகாமலும் போகலாம். இந்தப் 'போகலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு பாட்டை ஒட்டி அனுப்பினேன். அது பத்தாவது.

பதினொன்றாவது பாட்டு வந்தது. கேட்டேன். பாட்டென்று சொல்ல அதில் அதிகம் மிச்சமில்லை. சொப்ரானோ மட்டும் முழுதாக இருந்தது. டெனர் பாதியில் நின்றது. பேஸ் இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் அறுந்தது. ஆல்ட்டோ வேறு ஏதோ பாட்டுக்குப் போய்விட்டது. நான் அவர் பாடியதைப் பாடியபடி ஏற்றினேன். ஒரு சுரம் கூட்டவில்லை, ஒரு சுரம் குறைக்கவில்லை. சாஃப்ட்வேர் தன் பாட்டுக்கு மௌனக் குறிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனது. அதை ஆடியோவாக்கி என் போனில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

அன்றைக்கு அவருக்கு ரெண்டு மணி ஷிஃப்ட். நான் போனபோது மணி ஒன்று. யூனிஃபார்ம் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒன்றே காலுக்குத் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். அக்கா மாவு அரைக்கப் போயிருந்தாள். ஒரு பாட்டைக் கேளுங்கள் மாமா என்று சொல்லி, போனை மேஜையில் வைத்துப் போட்டுவிட்டேன்.

'ஆ' என்று நாலு குரலும் சேர்ந்து ஆரம்பித்தன. மாமா வழக்கம்போல விரலால் தட்டினார். முதலில் பேஸ் நின்றது. அப்புறம் டெனர். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார். பேஸ் மறுபடி முதலிலிருந்து எழுந்தது, ஆல்ட்டோ அதோடு மோதியது, காது கூசியது. கடைசியில் சொப்ரானோ தனியாகப் போய்த் தனியாக முடிந்தது. முடிந்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் நான் பாடுனதா?"

"ஆமா மாமா. நான் கை வைக்கல."

"முன்ன அனுப்புனியே, அதெல்லாம்?"

"அதுல கை வச்சேன் மாமா. ரெண்டாவது பாட்டுலேந்து எல்லாத்துலயும்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நிதானமாகப் பேசினார்.

"எனக்கு என்னமோ ஆவுதுன்னு தீவாளிக்கு முன்னாடியே தெரியும் மச்சான். யாருகிட்டப் போயி கேக்கறது? டாக்டருகிட்டப் போனா கம்பெனிக்குத் தெரிஞ்சுடும். கொயர்ல கேட்டா மொகத்துக்காகச் சொல்லுவாங்க. நீ கணக்கு வாத்தியாரு, ஒரு பீட்டு கொறஞ்சாலும் பட்டுனு சொல்லிடுவியேன்னுதான் ஒங்கிட்ட பாட்ட அனுப்புனேன். வாராவாரம் அப்டியே வந்துருக்குதுன்ன. பாட்டு சரியா இருக்குதுன்னா நானும் சரியா இருக்கேன்னு வேலைக்குப் போனேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. மாமா எழுந்து வாசல் வரைக்கும் போனார். நானும் பின்னாலேயே எழுந்தேன், ஏறப் போனால் கையைப் பிடித்து இழுத்துவிடுவது என்று. அவர் தெருமுனைக்குப் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார், பஸ் போய்விட்டது. திரும்பி வந்து ஷூவைக் கழற்றினார். சூப்பர்வைசருக்கு அவரே போன் போட்டு, இனிமேல் தன்னை அந்த வேலையில் நிற்க வைக்க வேண்டாம் என்றும், நேற்றும் முந்தா நாளும் தான் பார்த்த வால்வுகளை இப்பவே வேறு ஆளை வைத்துப் பார்த்துவிடும்படியும் சொன்னார். குரல் உடையவில்லை. போனை வைத்த பிறகுதான் அழுதார்.

அதற்கப்புறம் பாண்டிச்சேரி, டாக்டர், ஸ்கேன், மாத்திரை எல்லாம் நடந்தது. அந்த வாரங்களில் கம்பெனியில் ஒன்றும் ஆகவில்லை. எதனால் ஆகவில்லை என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. போன மாதம் நான் போயிருந்தபோது என் பெயரைச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது அவருக்கு, மச்சான் என்று மட்டும் உடனே வந்தது.

அக்கா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டி, நல்ல நேரத்தில் என் தம்பி கண்டுபிடித்துச் சொன்னான், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்கிறாள். மாமா அவளிடம் அன்று நடந்த பேச்சைச் சொல்லவில்லை. இனி சொல்ல அவருக்கு ஞாபகமும் இருக்காது. வாரத்துக்கு ஒரு பாட்டு, ஒன்பது பாட்டு. அந்த ஒன்பது வாரமும் அவரை அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது நான்தான் என்று அக்காவிடம் நானும் இன்னும் சொல்லவில்லை.